ஜெசிந்தா இழுத்துக் கட்டிய சல்லடைகள்

ஜெசிந்தா மேரி சல்லடை செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னால், கேட்கிறவர்கள் வீட்டில் மாவு சலிக்கிற சல்லடையைத்தான் நினைத்துக்கொள்வார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "எங்க வூட்டுது ஓட்டையாப் போச்சுக்கா, ஒண்ணு எடுத்தாந்து குடேன்" என்று கேட்டே விட்டாள். ஜெசிந்தா கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"நாலடி அகலம்டி. எடுத்தாந்தா உங்க வூட்டு வாசப்படியில நுழையாது."

கம்பெனி சேதராப்பட்டு தொழிற்பேட்டையின் உள்தெருவில் இருக்கிறது. மருந்துத் தூள், மஞ்சள் தூள், உப்பு, பெயின்ட் பவுடர், அரிசி மாவு என்று எதைக் கொட்டினாலும் பருமன் வாரியாகப் பிரித்துத் தருகிற எந்திரம் அங்கே தயாராகிறது. பார்வைக்கு எஃகுத் தொட்டி மாதிரி வட்டமாக, ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும். அடியில் மோட்டார். மோட்டார் ஓடினால் தொட்டி மொத்தமும் குலுங்கும். மேலே கொட்டிய தூள் வலையின் மேல் சுற்றிச் சுற்றி விளிம்புக்கு வரும். பொடியானது வலைக்குள் இறங்கி ஒரு வாய் வழியாகவும், கப்பி இன்னொரு வாய் வழியாகவும் தனித்தனியாக விழும். ஆள் உயரத்துக்கு நிற்கிற எந்திரம்தான் என்றாலும் பிரிக்கிற வேலையைச் செய்வது நடுவில் இருக்கிற அந்த ஒரு வலை. தையல் நூலை விட மெல்லிய கம்பியில் நெய்தது. கம்பெனியில் எல்லோரும் அதை நெட்டு என்பார்கள். அந்த நெட்டை விறைப்பாக இழுத்து எஃகு வளையத்தில் ஒட்டுவதுதான் ஜெசிந்தாவின் வேலை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் அங்கே பெருக்குகிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். அதற்கு முன் வில்லியனூர்ப் பக்கம் நடவு, களையெடுப்பு. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போயிருந்தது. நிமிர்ந்து நின்று பெருக்குகிற வேலை கிடைத்தபோது மாதாவுக்கு இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். சேற்றை நினைத்து அவள் ஒருநாளும் ஏங்கியதில்லை.

நெட்டு மேசைக்கு அவள் போனது தற்செயல். பெருக்கிக்கொண்டு வந்தவள், மேசையில் இழுத்துக் கட்டியிருந்த ஒரு வலையைப் பார்த்துவிட்டு நின்றாள். முதலாளி சாமிநாதன் அந்தப் பக்கம் வந்தார்.

"இன்னாம்மா பாக்குற?"

"நூல் கோணிக்கினு இருக்குது சார்."

"எங்க?"

விரலை வைத்துக் காட்டினாள். குறுக்குக் கம்பி ஒரு பக்கத்தில் மயிரிழை சாய்ந்திருந்தது. ஒட்டுகிற ஆளுக்கும் அது தெரியவில்லை, சாமிநாதனுக்கும் கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வீட்டில் ஜாக்கெட் தைக்கிறவள் அவள். துணியின் ஓட்டம் கோணினால் தையல் என்ன கதிக்கு ஆளாகும் என்று கைக்குத் தெரியும். அடுத்த மாதமே சாமிநாதன் அவள் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு மேசைக்கு அனுப்பினார்.

அன்றிலிருந்து அவள் பாணி ஒன்றுதான். சுருளிலிருந்து நெட்டை வெட்டி, நாலு பக்கமும் சட்டத்தில் கவ்வி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி இழுப்பாள். நடுவில் விரலால் சுண்டுவாள். சத்தம் தளர்வாக இருந்தால் இன்னும் ஒரு திருகு. பிறகு வளையத்தில் பசை தடவி மேலே அழுத்தி வைத்து, இருபத்து நாலு மணி நேரம் தொடமாட்டாள். மறுநாள் கழற்றி, அடியில் டியூப் லைட்டை வைத்து, மேலே குனிந்து ஒவ்வொரு சாணாகப் பார்ப்பாள். எல்லாம் சரியென்றால் வளையத்தின் உள்பக்கம் மார்க்கரால் நம்பர் போட்டுப் பக்கத்தில் 'ஜெ' என்று எழுதுவாள். எந்த நம்பரை எப்போது ஒட்டினாள், எப்போது கழற்றினாள் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்து வைப்பாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. அவளுக்கே அப்படி ஒரு பழக்கம்.

அவள் புருஷன் தாமஸ் டைல்ஸ் போடுகிறவர். அவரும் மட்டம் பார்த்துப் பிழைக்கிறவர் என்பதால் இரண்டு பேருக்கும் பேச்சு ஒத்துப்போகும். சாயங்காலம் டீக்குடிக்கும்போது, "இன்னிக்கி எத்தினி ஓட்ட போட்ட?" என்று கேட்பார். "கணக்கு தெரியாது, கோடி இருக்கும்" என்பாள் அவள். தினமும் இதே கேள்வி, இதே பதில், தினமும் இரண்டு பேருக்கும் சிரிப்பு.

போன வருடம் ஆகஸ்டில் கிருமாம்பாக்கத்திலிருந்து போன் வந்தது. அங்கே எழிலரசன் என்பவர் இடியாப்ப மாவு தயாரித்துப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். இந்தக் கம்பெனியில்தான் சலிக்கிற எந்திரம் வாங்கியிருந்தார். வாங்கி எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. புது நெட்டு மாற்றியதிலிருந்து மூன்று வாரத்தில் மூன்று நெட்டு கிழிந்துவிட்டது. மாவில் கப்பி கலந்து, இடியாப்பம் பிழிகிற அச்சு அடைக்கிறது என்று கடைக்காரர்கள் பாக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு பெண் மாவில் கம்பித் துண்டு கிடந்தது என்று பாக்கெட்டோடு வந்து வாசலில் நின்றாளாம்.

"கம்பின்னு வெளிய பேர் போச்சுன்னா நான் கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான் சார்" என்று எழிலரசன் கத்தியது, போனை விட்டு ஒரு முழம் தள்ளி நின்ற அன்புராஜுக்கும் கேட்டது.

அன்புராஜ்தான் கம்பெனியின் சர்வீஸ் ஆள். முப்பது வயது, வேலை தெரிந்த பையன், கொஞ்சம் அவசரக்காரன். "நெட்டு ஒட்டுனதுல கோளாறு சார். வேற இன்னா இருக்கப்போவுது?" என்றான். சொல்லிவிட்டுத் திரும்பினால் கதவருகே ஜெசிந்தா நிற்கிறாள்.

"கிழிஞ்ச நெட்ட கையில எடுத்துப் பாத்தியா தம்பி?"

"போட்டோ அனுப்பியிருக்காங்கக்கா."

"போட்டோவுல சுண்டிப் பாக்க முடியுமா?" என்று கேட்டவள், சாமிநாதன் பக்கம் திரும்பினாள். "நான் போய்ப் பாத்துட்டு வரன் சார்."

மேசையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி வாடிக்கையாளர் இடத்துக்குப் போனதாக அந்தக் கம்பெனியில் வழக்கமே இல்லை. சாமிநாதன் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு, "நாளைக்கி அன்புராஜ் போறான். நீயும் போ" என்றார்.

மேசைக்கு வந்து அவள் நோட்டைப் புரட்டினாள். கிருமாம்பாக்கத்தில் கிழிந்த மூன்று நம்பர்களையும் தேடிப் பிடித்தாள். முதல் நம்பருக்கு எதிரே அவள் கையெழுத்திலேயே இருந்தது: செவ்வாய் சாயங்காலம் நாலு மணிக்கு ஒட்டியது, புதன் காலை ஒன்பது மணிக்குக் கழற்றியது. பதினேழு மணி நேரம்.

அந்தப் புதன்கிழமை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மகள் ஆரோக்கிய செல்வியை நர்சிங் கல்லூரியில் சேர்க்கிற நாள். பதினொரு மணிக்குக் கிளம்ப வேண்டும். அன்றைக்கே நெட்டு லாரியில் ஏறியாக வேண்டும் என்றார்கள். பசை கையில் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றி நம்பர் போட்டு அனுப்பிவிட்டு ஓடினாள். மேலே காய்ந்த பசை உள்ளேயும் காய்ந்திருக்க வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியாததில்லை.

அன்று சாயங்காலம் தாமஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் ஆறிப்போன டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சொன்னின்னா மூணு நெட்டையும் உன் தலையில கட்டிடுவானுங்க" என்றார் தாமஸ்.

"சொல்லலன்னா?"

அவர் டம்ளரை மறுபடி எடுத்தார். "சொல்லலன்னா நீ ஒரு மாசம் தூங்க மாட்ட. என்னையும் தூங்க வுட மாட்ட. சொல்லிடு."

மறுநாள் காலை அன்புராஜ் பைக்கில் போனான். ஜெசிந்தா புதுச்சேரி வந்து கடலூர் பஸ் பிடித்தாள். தவளக்குப்பம் தாண்டியதும் ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் பையை வைத்துக்கொண்டு, உள்ளே லென்ஸ் இருக்கிறதா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள்.

எழிலரசனின் மாவு ஆலை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, தகரக் கொட்டகையில் இருந்தது. அரைக்கிற மெஷின், வறுக்கிற மெஷின், நடுவில் அவர்கள் கம்பெனி எந்திரம். எங்கு பார்த்தாலும் வெள்ளை. எந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தலையில் துண்டு கட்டி, புருவமெல்லாம் மாவாக நின்றிருந்தாள். பேர் தேவி என்றார்கள். எந்திரம் ஓட்டுவது அவள்தான்.

எழிலரசன் ஜெசிந்தாவைப் பார்த்துவிட்டு அன்புராஜைப் பார்த்தார். "இன்னாபா, சர்வீஸுக்கு ஆள் கூட்டியாரன்னு சொன்ன?"

"இவங்கதான் சார் நெட்டு ஒட்றவங்க."

"ஓ. அப்ப இவங்களத்தான் கேக்கணும்" என்றார் அவர். குரலில் மரியாதையும் இருந்தது, குத்தலும் இருந்தது.

கிழிந்த மூன்று நெட்டுகளும் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து முதல் வளையத்தை மடிமேல் சாய்த்துக்கொண்டாள். விளிம்பில் ஒரு முழ நீளத்துக்கு நெட்டு பசையோடு உரிந்து வந்திருந்தது. லென்ஸே தேவையில்லை. பதினேழு மணி நேரத்தின் வேலை அது.

இரண்டாவதையும் மூன்றாவதையும் எடுத்தாள். அவற்றில் விளிம்பு கல் மாதிரி இருந்தது. கிழிசல் வேறு இடத்தில், நடுவிலிருந்து ஒரு கை தள்ளி. கம்பிகள் உள்பக்கமாகக் குழிந்து அறுந்திருந்தன. குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி. அவள் விரலால் வளையத்தின் வெளிவிளிம்பைத் தடவிக்கொண்டே வந்தாள். இரண்டு மூன்று இடங்களில் எஃகு லேசாக நசுங்கியிருந்தது. எதையோ கொண்டு அடித்திருக்கிறார்கள். நிமிர்ந்தபோது, எதிரில் நின்ற தேவி சட்டென்று சாக்கை மடிக்க ஆரம்பித்தாள். அந்தச் சாக்குக் குவியலின் ஓரத்தில் ஒரு சுத்தியலின் மரப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். "இதோ பாருங்க, உங்க ஆளே அடிச்சிக் கிழிச்சிருக்கா" என்று ஒரு வரி சொன்னால் போதும். கம்பெனிக்கு நல்ல பேர், அன்புராஜுக்குச் சந்தோஷம், அவளுடைய பதினேழு மணி நேரமும் அதோடு மறைந்துபோகும். இந்தப் பெண் மட்டும் நாளையிலிருந்து வேறு வேலை தேடிக்கொண்டு போக வேண்டியதுதான். தேவியின் கைவிரல்களில் மாவும் வியர்வையும் சேர்ந்து உலர்ந்து வெடித்திருந்ததை ஜெசிந்தா பார்த்தாள்.

"இன்னாம்மா, கண்டுபுடிச்சியா?" என்றார் எழிலரசன்.

ஜெசிந்தா எழுந்து நின்று சேலையைத் தட்டினாள்.

"மொதல் நெட்டு என் தப்பு சார்."

அன்புராஜ் இருமினான். அவள் திரும்பவில்லை.

"ஒரு நாள் முழுக்கக் காய வுடணும். எம் பொண்ண காலேஜில சேக்கற அவசரத்துல ஏழு மணி நேரம் முன்னாடியே கழட்டிட்டன். நோட்டுல எழுதி வச்சிருக்கறன். அதுக்கு வேற நெட்டு நாங்க குடுத்துடறோம்."

எழிலரசன் இடுப்பிலிருந்து கையை எடுத்தார். சண்டைக்குத் தயாராக நின்ற மனிதர் அவர். "மத்த ரெண்டு?" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில்.

ஜெசிந்தா வாயைத் திறக்கும் முன் தேவி பேசினாள். "அது நான்தாண்ணா."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவள் கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டாள். "மாவு அப்பிக்குதுண்ணா. எறங்க மாட்டுது. சுத்தியால தட்டுனாத்தான் எறங்குது. ஓரத்துலதான் தட்டிக்கினு இருந்தன். கை தவறி உள்ள பட்டுடுச்சு. சொன்னா வேலய வுட்டு அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டன்."

எழிலரசனின் முகம் சிவந்தது. "அறிவிருக்குதா உனக்கு? அது இன்னா வூட்டுத் தகரமா, தட்டறதுக்கு—"

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் ஜெசிந்தா. "எட்டு மாசம் அப்பிக்காத மாவு இப்ப ஏன் அப்பிக்குது? அத்த மொதல்ல கேப்போம்."

எந்திரத்தை ஓட்டச் சொன்னாள். எந்திரத்தோடு வந்த பழைய நெட்டையே மறுபடி மாட்டியிருந்தார்கள். தேவி ஒரு முறம் மாவைக் கொட்டினாள். மாவு வலையில் பரவிக் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு கண்களை அடைத்துக்கொண்டு தோசை மாதிரி படிந்துவிட்டது. ஜெசிந்தா எட்டி ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உருட்டினாள். உருண்டு நின்றது.

"ஈரமா இருக்குதே. ஊறப்போட்ட அரிசிய எத்தினி நேரம் உலத்துறீங்க?"

தேவி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி கூரையைப் பார்த்தார். "ஆர்டர் கூடிப்போச்சு. முன்ன ஒரு நாள் உலத்துவோம். இப்ப அரை நாள்" என்றார்.

ஜெசிந்தா குனிந்து தொட்டியின் பக்கத்தில் காதை வைத்தாள். வழக்கமான ஒரு சத்தத்தைக் காணோம் என்று அவளுக்குத் தோன்றியது. எந்திரத்தை நிறுத்தச் சொன்னாள். அன்புராஜ் நெட்டைத் தூக்கினான். அதன் அடியில் ஓட்டை போட்ட தட்டு ஒன்று உண்டு. அதில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ரப்பர் பந்துகள் கிடக்க வேண்டும். எந்திரம் ஓடும்போது அவை குதித்துக் குதித்து நெட்டை அடியிலிருந்து முட்டும். கண்களில் சிக்கியதைத் தள்ளிவிடும். தட்டு காலியாக இருந்தது.

"பந்து எங்க?"

இப்போது கூரையைப் பார்த்தும் பயனில்லை. எழிலரசன் தானே கொட்டகையின் பின்பக்கம் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே முப்பது பந்துகளும் தூசி படிந்து கிடந்தன. "ஓயாம டபடபன்னு சத்தம். போன்ல பேச முடியல. நான்தான் எடுத்துப் போட்டன். அதுக்கு இப்பிடி ஒரு வேல இருக்குதுன்னு எனக்கு யாரு சொன்னா?"

அன்புராஜ் தலையைச் சொறிந்தான். எந்திரத்தை இங்கே பொருத்திவிட்டுப் போன அன்றைக்கு அதைச் சொல்ல வேண்டியவன் அவன். "நான் சொல்லாம வுட்டுட்டன் சார்" என்றான் மெதுவாக.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது எழிலரசன்தான். "நல்லா இருக்குது போ. ஆளுக்கு ஒண்ணா பங்கு போட்டுக்கினு ஒரு மெஷின கெடுத்திருக்கோம்" என்றார்.

தேவியும் ஜெசிந்தாவும் பந்துகளைக் கழுவித் துடைத்துத் தட்டில் போட்டார்கள். முந்தின நாள் காலையிலேயே வெயிலில் போட்டு நன்றாக உலர்ந்த அரிசி ஒரு மூட்டை இருந்தது. அதை அரைத்துக் கொட்டினார்கள். டபடபவென்று பந்துகள் முட்ட ஆரம்பித்தன. மாவு நடுவிலிருந்து வளையம் வளையமாக விரிந்து விளிம்பை நோக்கி நகர்ந்தது. கீழ்வாயில் முதலில் ஒரு புகைபோல வந்தது, பிறகு நிற்காமல் பூப்போல இறங்கியது. மேல்வாயில் கப்பி சொட்டுச் சொட்டாக விழுந்தது. தேவி உள்ளங்கையை நீட்டி மாவை வாங்கிப் பார்த்தாள். "தட்டவே வேணாமாக்கா?" என்றாள். "தட்டுனா நான் பஸ் ஏறி வந்து உன் கையில தட்டுவன்" என்றாள் ஜெசிந்தா.

எழிலரசன் டீயும் மசால் வடையும் வாங்கிவரச் சொன்னார். தேவியை வேலையை விட்டு அனுப்புகிற பேச்சு அதன்பின் எழவில்லை. சுத்தியலை மட்டும் அவரே எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்துவிட்டார்.

கம்பெனியில்தான் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சாமிநாதன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "தப்பு நடந்துச்சு, சரி. அத்த எங்கிட்ட சொல்லலாம். கஸ்டமர் முன்னாடியா சொல்லுவ? நாளைக்கி ஒவ்வொருத்தனும் நெட்டு சரியா காயலன்னு வந்து நிப்பான்."

"ஜெ-ன்னு எழுதி அனுப்பறன் சார். எம் பேரு அது. நான் அத்த எப்பிடி மறைக்கறது?"

அவர் கோபமாகத்தான் இருந்தார். இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் ஜெசிந்தா மேசையை விட்டு நிமிரவில்லை. மூன்றாம் நாள் காலையில் மேசைக்கு வந்தார். "ஒரே சட்டம் இருக்கறதாலதான அவசரப்பட்டுக் கழட்டற? இன்னும் ரெண்டு சட்டம் செஞ்சா ஒவ்வொண்ணும் முழு நாள் இருக்கலாமா?"

"தாராளமா இருக்கலாம் சார்."

"அளவ எழுதிக் குடு" என்றுவிட்டு நடந்தார். போகிறவர் நின்று, "எழிலரசன் போன் பண்ணாரு. அடுத்த தபா அந்தம்மாவையே அனுப்புங்கன்னாரு" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை ஜெசிந்தா வெளியே போய் வருகிறாள். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு மருந்துத் தூள் கம்பெனி, பாகூரில் ஒரு மசாலாக்காரர். அன்புராஜ் இப்போதெல்லாம் எந்திரத்தை வைத்துவிட்டு வரும்போது பந்து எதற்கு என்று பத்து நிமிடம் பிரசங்கமே செய்கிறான். தேவி வாரம் ஒரு தடவை போன் செய்வாள். சத்தம் கொஞ்சம் மாறினாலும் போனை எந்திரத்தின் பக்கம் பிடித்து, "கேளுக்கா, இது நல்ல சத்தமா கெட்ட சத்தமா?" என்பாள். போன கிறிஸ்துமஸுக்கு அவளும் அவள் புருஷனும் ஐந்து கிலோ இடியாப்ப மாவோடு வந்து இறங்கினார்கள். தாமஸ் அவர்களுக்குத் தன் கையால் கோழி சமைத்துப் போட்டார்.

மருந்துக் கம்பெனிக்குள் போக வேண்டுமானால் பாதுகாப்பு ஷூ கட்டாயம். ஜெசிந்தாவுக்கு நாலாம் நம்பர் பாதம். எந்தக் கடையிலும் பெண்களுக்கு அந்த அளவில் இரும்பு முனை வைத்த ஷூ கிடையாது. முதல் தடவை அவள் ஆறாம் நம்பர் ஷூவில் பேப்பரை அடைத்துக்கொண்டு போய், படியில் ஒரு ஷூ கழன்று நிற்க, அதை விட்டுவிட்டு மேலே ஏறியிருக்கிறாள். அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்த தாமஸ், மறுநாள் வேலைக்குப் போகாமல் கடை கடையாக ஏறி இறங்கினார். புதுச்சேரியில் கிடைக்கவில்லை. கடலூரில் கிடைக்கவில்லை. விழுப்புரத்தில் ஒரு கடைக்காரர் பரணிலிருந்து பெட்டியை இறக்கி, "யாரோ சொல்லி வச்சிட்டு வாங்காமப் போனது" என்று எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை கனகாம்பரக் கலர் சேலைக்குக் கீழே கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு ஜெசிந்தா பஸ்ஸுக்குக் கிளம்பினாள். எதிர்வீட்டு சகாயராணி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நிமிர்ந்து பார்த்து, "இன்னாடி, மிலிட்டரிக்குச் சேந்துட்டியா?" என்றாள்.

"ஆமாங்க, மேஜரு" என்று வீட்டுக்குள்ளிருந்து தாமஸ் குரல் கொடுத்தார்.

ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெருமுனை வரைக்கும் அந்த ஷூ டக் டக்கென்று கேட்டது. பஸ் வந்து நின்றபோது, கைப்பிடிக் கம்பியைக்கூடப் பிடிக்காமல் படியேறி உள்ளே போனாள்.